இரண்டு ஆசிரியர்கள், ஒரு 10 லிட்டர் கிரைண்டர்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நானும் என் கணவரும் கோபிசெட்டிபாளையம் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றினோம். நான் கணக்கும் அவர் வேதியியலும் கற்பித்தோம். 2023 ஏப்ரலில், கல்வியாண்டின் இறுதியில், இருவரும் சேர்ந்தே விலகல் கடிதம் கொடுத்துவிட்டு, வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் தொழிலைத் தொடங்கினோம். அந்தத் தொழிலுக்காக அதே ஆண்டு ஜூலையில் கோவையில் வாங்கிய, ஒரு குதிரைத்திறன் மோட்டார் கொண்ட 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரை (உரலைச் சாய்த்து மாவை எடுக்கும் வகை) பற்றியதே இந்த மதிப்புரை. கீழே சில குறைகளைச் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கிரைண்டர் செய்வதால், பெயர் தெரியாவிட்டாலும் வாங்க நினைப்பவர்களுக்குப் பெரிய இழப்பு இருக்காது.

மாவுத் தொழிலில் இறங்கும் பலர் உள்ளூர்க் கடையிலேயே இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். நாங்கள் கோவைக்கே போனோம். 1955-இல் சபாபதி என்பவர் முதல் மின் கிரைண்டரை உருவாக்கிய ஊர் அது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனால் எங்களை அங்கே இழுத்தது அந்தப் பெருமை அன்று. கல்லைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று என் மாமியார் வற்புறுத்தியதே காரணம். ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லுக்கு இந்தத் தொழிலில் ஒரு மதிப்பு இருக்கிறது. கோவையின் கணபதி பகுதியில் நாங்கள் ஏறி இறங்கிய ஒவ்வொரு கடையிலும் தங்கள் கல் அங்கிருந்து வந்ததுதான் என்றே சொன்னார்கள். நாங்கள் அதைச் சரிபார்க்க முயலாமல், குழவியின் மேற்பரப்பில் உளியால் போட்ட கொத்து சீராக விழுந்திருக்கிறதா, குழவியைச் சுழற்றினால் உரலின் அடிவரை ஒட்டி உட்காருகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தோம். வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்த பின் கைக்கு வந்த வருங்கால வைப்பு நிதியிலிருந்து 28,500 ரூபாய் இதற்குச் சென்றது.

விற்பனையாளர் 15 லிட்டர் இயந்திரத்தையே எடுக்கச் சொன்னார். "தொழில் வளரும்போது திரும்பவும் வாங்க வேண்டி வருமுங்க" என்பது அவர் வாதம். அதை ஏற்காமல் விட்டது நல்லதாயிற்று. பெரிய உரலில் குறைந்த அளவு உளுந்தைப் போட்டால் அது அடியில் தங்கிவிடுகிறது. குழவிக்கு அது சரியாகப் பிடிபடாததால் மாவு பொங்கி வராமல் வழுவழுப்பாக நின்றுவிடும். தொடக்கத்தில் நாள் ஒன்றுக்கு ஒரு கிலோ உளுந்துக்கு மேல் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு புதியவர்களைக் குழப்பும் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 10 லிட்டர் என்பது உரலின் கொள்ளளவு; அரைக்கக்கூடிய தானியத்தின் அளவு அன்று. எங்கள் அனுபவத்தில் இதில் ஒரு தடவைக்கு 4 கிலோ இட்லி அரிசியோ, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட முழு உளுந்தோதான் சிந்தாமல் அரைபடும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதே எங்கள் கணக்கு. அப்படி 5 கிலோ தானியத்திலிருந்து ஏறத்தாழ 11.5 கிலோ மாவு கிடைக்கிறது. உளுந்துக்கு 35 நிமிடம், அரிசிக்கு 25 நிமிடம், ஒவ்வொன்றுக்குப் பின்னும் வழித்தெடுக்க 10 நிமிடம் என்று ஒரு சுற்றுக்கு 80 நிமிடம் ஆகும். ஒரு நாளில் மூன்று சுற்று ஓட்டினால் நான்கு மணி நேரம். இதுவரை எல்லா விற்பனையாளர்களும் ஏறக்குறைய உண்மையையே சொன்னார்கள்.

கழுவும் நேரத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. உரலின் அடிக்கல் நிலையாகப் பதிக்கப்பட்டிருப்பதால், நடுத்தண்டைச் சுற்றி மாவு தங்கும் இடத்துக்குக் கை எளிதில் போவதில்லை. குழவியைக் கழற்றி, உரலைச் சாய்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று தடவை தண்ணீர் ஊற்றி இறக்க 25 நிமிடம் பிடிக்கிறது. இதில் சோம்பல் காட்டினால் மறுநாள் மாவில் பழைய புளிப்பு ஏறிவிடும். முதல் மாதத்தில், முன்பு என்னிடம் படித்த ஒரு மாணவியின் தாயார் வாசலில் நின்று, "டீச்சர், நேத்து மாவு ராத்திரியே புளிச்சுப் போச்சுங்க" என்று தயங்கித் தயங்கிச் சொன்னபோது, எங்கே தவறு என்று இருவருக்கும் உடனே விளங்கியது. இந்த ஊரில் நாங்கள் இன்னும் டீச்சரும் சாரும்தான். குறை சொல்ல வருபவர்கள்கூட விடைத்தாளில் பிழை காட்டுவதுபோல் கூசுகிறார்கள். பல பேர் சொல்லாமலே வாங்குவதை நிறுத்தியிருக்கக்கூடும் என்பது அதன் மறுபக்கம்.

புது இயந்திரத்தில் நேரடியாக விற்பனைக்கு அரைக்கக் கூடாது. கல்தூள் போகும்வரை தவிட்டையும் பின்னர் பழைய அரிசியையும் மாற்றி மாற்றி அரைத்துக் கொட்ட வேண்டும். நாங்கள் நான்கு நாள் இதைச் செய்தோம். நான்காம் நாள் அரைத்த மாவை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, நறநறப்பு இல்லை என்று உறுதியான பிறகே முதல் விற்பனை மாவை அரைத்தோம்.

அரைபடும் தரத்தில் இந்த இயந்திரத்தின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. மிக்ஸியில் அரைத்த உளுந்துக்கும் கல்லில் அரைந்த உளுந்துக்கும் உள்ள வேறுபாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே நான் சேர்க்க விரும்புவது சூட்டைப் பற்றிய ஒரு குறிப்பு. என் கணவர் பள்ளி ஆய்வகப் பழக்கத்தை விடாமல் ஒரு வெப்பமானியையும் நோட்டுப் புத்தகத்தையும் கிரைண்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். ஏப்ரல் மதியத்தில் குழாய்த் தண்ணீர் விட்டு அரைத்த உளுந்து 35 நிமிட முடிவில் 34 டிகிரியைத் தொட்டது. குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அரைத்தபோது 28-இல் நின்றது. சூடேறிய மாவு வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புளிக்கத் தொடங்கிவிடுகிறது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் வருபவைதான் என்பதால், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்த நம் கையில் உள்ள முக்கியக் கருவி வெப்பம்தான். மார்கழியில் இதே கணக்கு தலைகீழாகி, வெந்நீரைக் கலந்து அரைக்க வேண்டியிருக்கிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். நான்காவது மாதத்தில் வெள்ளை மாவின் மேல் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. நடுத்தண்டின் அடியில் கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீல் தேய்ந்து, பேரிங்கின் கிரீஸ் மேலே ஏறியிருந்தது. அன்றைய 11 கிலோ மாவையும் தென்னைமரத்தடியில் கொட்டினோம். உத்தரவாதக் காலம் ஓராண்டு என்பதால் விற்ற இடத்துக்கு அழைத்தோம். இரண்டு நாளில் ஆள் வருவார் என்றார்கள். பதினொரு நாள் கழித்து வந்தார். வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, சீலை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னார். இந்த ஒரு வரியை வாங்கும்போதே சொல்லியிருந்தால் போதும். அந்தப் பதினொரு நாளும் வீட்டில் இருந்த 2 லிட்டர் மேசைக் கிரைண்டரைக் காலை நான்கு மணியிலிருந்து ஓட்டி, பாதி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் கொடுத்தோம். மீதிப் பேரில் ஏழு வீடுகள் இன்றுவரை திரும்பி வரவில்லை.

பெல்ட் இதுவரை இரண்டு மாற்றியிருக்கிறோம்; உள்ளூரிலேயே கிடைக்கிறது. மாலையில் மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் உறுமிக்கொண்டு நின்றுவிடுவதால் இப்போது மதியத்துக்குள் அரைத்துவிடுகிறோம். மின்செலவு ஓடும் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். வீட்டு இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது என்பதால் தனி இணைப்பு எடுத்தோம். அந்த அலைச்சலையும் கிரைண்டரின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, மாறாக, எளிதாக முடிந்தது. நாங்கள் பதிவு செய்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். விண்ணப்பத்தை இணையத்திலேயே நிரப்பினோம், 14 இலக்க எண் வந்தது, அதைப் பையில் அச்சிட்டுக்கொண்டோம்.

வருமானத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. மூன்று சுற்றில் கிடைக்கும் 35 கிலோ மாவைக் கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் 1,750 ரூபாய். அரிசி, உளுந்து, பை, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் போக 600 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கும். மாதத்தில் 26 நாள் என்று வைத்தால் 16,000 ரூபாய். பள்ளியில் எங்கள் இருவரின் சம்பளம் சேர்ந்து 32,000 ரூபாயாக இருந்தது. இடைவெளியை நிரப்ப நான் மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஆசிரியர் வேலையை முழுமையாக விட்டுவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. விற்பனை கிடைக்காததால் வருமானம் தேங்கவில்லை. கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். தேக்கம் இயந்திரத்தில் இருக்கிறது.

கணவனும் மனைவியும் சேர்ந்து இறங்கும் தொழிலுக்கு ஒற்றை கிரைண்டர் பொருந்தாது என்பதை நாங்கள் தாமதமாகவே புரிந்துகொண்டோம். உளுந்து அரைபடும் 35 நிமிடமும் ஊறிய அரிசி காத்திருக்கிறது. அதோடு இருவரில் ஒருவரும் காத்திருக்கிறார். பள்ளியில் இருந்தவரை அவரவர் வகுப்பறை அவரவருக்கு. இங்கே ஒரே உரலின் இரு பக்கமும் நின்றுகொண்டு, தண்ணீர் கூடிவிட்டது, இல்லை குறைந்துவிட்டது என்று முதல் ஆறு மாதம் வாதாடினோம். அவர் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுவார். நான் மாவைக் கிள்ளித் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் காட்டுவேன். இருவர் சொன்னதும் பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதுதான் வேடிக்கை. எடை தூக்குவதிலும் இது இருவருக்கும் சமமாகப் பொருந்தும் இயந்திரம் அன்று. குழவியை நான் தனியாகத் தூக்குவதில்லை. சாய்க்கும் கைப்பிடியும் உயரமான ஆளை மனத்தில் வைத்துப் பொருத்தப்பட்டதுபோல் இருக்கிறது.

ஆகவே இந்தப் பொங்கல் முடிந்ததும் 5 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்றை வாங்கப் போகிறோம். அதில் 800 கிராம் உளுந்து அரைபடும்போதே பழைய இயந்திரத்தில் 3.2 கிலோ அரிசி அரைபட்டுவிடும் என்பதால், வழித்தெடுப்பது உட்பட ஒரு சுற்று 45 நிமிடத்தில் முடியும். இப்போது செலவாகும் அதே நான்கு மணி நேரத்துக்குள் ஐந்து சுற்று ஓட்டி 46 கிலோ மாவு எடுக்கலாம். ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கும் இருவருக்கு நான் சொல்வதும் இதே இணைதான்: அரிசிக்கு 10, உளுந்துக்கு 5. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் 10 லிட்டரை முதலில் வாங்கலாம். ஆனால் உதிரி சீல் ஒன்றையும் பெல்ட் ஒன்றையும் அதே ரசீதில் சேர்த்து வாங்கிக்கொள்ளாமல் கடையை விட்டு இறங்க வேண்டாம்.