வாரண்டி முடிந்த பிறகு காரை எங்கே விடுவது: கம்பெனி சர்வீஸா, மெக்கானிக் ஷெட்டா?

வாரண்டி இருக்கும்வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். முதல் சில சர்வீஸுக்கு லேபர் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் காசு. பெரிய பழுது என்றால் அவர்கள் செலவிலேயே மாற்றித் தருவார்கள். அதை விட்டுவிட்டு வெளியே போவதில் எந்தச் சாமர்த்தியமும் இல்லை. எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டிருந்தால் அதுவும் முடியட்டும்.

அதற்குப் பிறகு என்ன என்பதுதான் பேச்சு. நான் இருப்பது சென்னையில் அம்பத்தூர் பக்கம். வண்டி ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். வாரண்டி முடிந்ததும் கொஞ்ச நாள் கம்பெனியிலேயே விட்டுவிட்டு, அப்புறம் பக்கத்தில் ஒரு ஷெட்டுக்கு மாறிவிட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் லேபர் குறைவு. கம்பெனியில் வாட்டர் வாஷ் நன்றாக இருக்கும், ஏசி அறையில் உட்காரலாம், சொன்ன நேரத்துக்குப் பெரும்பாலும் வண்டி வந்துவிடும். ஸ்பேர் விலையில் முன்பு இருந்த வரிக் குழப்பமும் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி ஸ்பேர் எல்லாவற்றுக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டி. அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது.

கம்பெனி பில் எகிறுவதற்குப் பலர் சொல்லும் காரணம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் நுழையும் கூடுதல் ஐட்டங்கள். இன்ஜின் டிகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்டன்ட், டெஃப்லான் கோட்டிங், இன்டீரியர் கிளீனிங் என்று வரிசையாக வரும். இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டரில் என்ன மாற்ற வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் இருப்பதை மட்டும் பண்ணுங்க சார்" என்றால், வண்டியை வாங்கி எழுதிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசர் சிரித்துக்கொண்டே மற்றதைக் கார்டிலிருந்து அடித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு கம்பெனி சர்வீஸ் அவ்வளவு அநியாயம் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று. பழுதான பொருளைச் சரி செய்வார்களா, மொத்தமாக மாற்றுவார்களா என்பது.

இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் கதையைச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். பேட்டரி என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்போம். ஆனால் ஹாரன் கணீரென்று அடித்தது, ஹெட்லைட் மங்கவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட். பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்திருந்தாலும் இப்படி ஆகும். அதுவும் சுத்தமாகவே இருந்தது. கம்பெனியில் காட்டினேன். ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். எஸ்டிமேட்டில் முழு அசெம்பிளிக்கும், அதாவது மொத்த மோட்டாருக்கும், விலை போட்டிருந்தார்கள். "உள்ளே பிரஷ் மட்டும் தேஞ்சிருந்தா?" என்று கேட்டேன். "எங்களுக்கு அசெம்பிளியாத்தான் சார் வரும்" என்றார் அட்வைசர்.

ஷெட்டில் அதே மோட்டாரைக் கழற்றி, தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தார் மெக்கானிக். மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, மோட்டாரை ஆன் செய்யும் சொலினாய்டு சுவிட்சின் கான்டாக்ட் கருகியிருந்தது. இரண்டையும் மாற்றி, பேட்டரியில் நேரடியாகக் கொடுத்துச் சுற்றவிட்டுக் காட்டினார்கள். "மோட்டார் கல்லு மாதிரி இருக்கு சார், இதைப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா" என்றார் எலக்ட்ரீஷியன். கூலியோடு சேர்த்து எஸ்டிமேட்டில் சிறு பங்குதான் ஆனது. அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

இதில் கம்பெனிக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய முறையே அப்படி. பார்ட் நம்பர் பட்டியலில் எது தனியாக இருக்கிறதோ அதைத்தான் அவர்கள் வாங்க முடியும். போடும் பொருளுக்கு வாரண்டி தர வேண்டும். பிரித்துப் பார்த்து பிரஷ் மாற்றிய மோட்டாருக்கு யார் வாரண்டி கொடுப்பது? ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. அதில் மோட்டாரைப் பிரித்து உட்கார்ந்திருக்க இடமில்லை. ஷெட் மெக்கானிக்குக்கு இந்தக் கட்டு எதுவும் கிடையாது. அவருக்குப் பின்னால் லேத் பட்டறை, ரேடியேட்டர் கடை, ஏசிக்காரர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு தெருவே இருக்கிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் பேரிங் சத்தம், பவர் விண்டோ மோட்டார், ஏசி புளோயர் ஒரே ஸ்பீடில் மட்டும் ஓடுவது எல்லாம் இந்த வகை. முழு யூனிட்டும் கெட்டிருக்காது. உள்ளே ஒரு சின்னச் சாமான்தான் போயிருக்கும். வண்டிக்கு ஐந்தாறு வயதுக்கு மேல் வருகிற பழுதுகளில் கணிசமானவை இப்படித்தான்.

ஸ்பேர் கிடைப்பதிலும் சென்னைக்காரர்களுக்கு ஒரு வசதி. ஆல்டர்னேட்டர் செய்யும் லூகாஸ் டிவிஎஸ்ஸும், பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியாவும் இங்கே பாடி என்ற பகுதியில்தான். கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிற இப்படிப்பட்ட தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரிலும் டப்பா போட்டு விற்கிறார்கள். ஸ்பேர் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் அது பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும். எல்லா ஸ்பேரும் இப்படி வெளியே வருவதில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது இதற்காகத்தான்: ஸ்பேரையும், பழுது பார்க்கும் கருவிகளையும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்தார்கள் என்று. வெளியே சர்வீஸ் செய்தாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. மேல்முறையீடு, வழக்கு என்று அது நீண்டது வேறு விஷயம்.

சரி செய்வதற்கும் ஓர் எல்லை உண்டு. அதை அறிந்தவரே நல்ல மெக்கானிக். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதிலும் ஒட்டுவேலை கூடாது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் மட்டும் போயிருந்தால் பிரஸ் செய்து புதுசு போடலாம். அதன் முனையில் உள்ள பால் ஜாயின்ட் ஆட ஆரம்பித்து, அது ஆர்மோடு சேர்ந்தே வருகிற மாடல் என்றால் முழு ஆர்மையும்தான் மாற்ற வேண்டும். பழைய வண்டிகளின் பித்தளை ரேடியேட்டரைப் பற்றவைத்து ஓட்டினார்கள். இப்போது வருவது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். டேங்க் விரிந்தால் எம்-சீல் பூசி நாலு நாள் ஓட்டலாம். ஐந்தாம் நாள் பைபாஸில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகும். மாற்றிவிடுவதே மலிவு. குழாய்த் தண்ணீரை ஊற்றி அனுப்புகிற ஷெட் என்றால் அங்கே மறுபடி போகாதீர்கள். கூலன்ட் என்பது குளிர்விக்க மட்டும் இல்லை, உள்ளே துருப்பிடிக்காமல் காப்பதும் அதுதான்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஷெட்டில் பார்க்க முடியாது என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுது எண்ணை (எரர் கோட்) படிக்கும் ஸ்கேனர் இப்போது ஓரளவு நல்ல ஷெட் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிரச்சினை கருவியில் இல்லை, எரர் கோடைப் படித்ததும் அது சொல்லும் சென்சாரை மாற்றிவிடுவதில் இருக்கிறது. இதைக் கம்பெனியிலும் செய்வார்கள், ஷெட்டிலும் செய்வார்கள். ஆளைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பி0301 என்று எரர் கோடு வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். தெரிந்தவர், பிளக்கில் பொறி வர வைக்கும் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போட்டு ஓட்டிப் பார்ப்பார். கோடு பி0302 என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக், இன்ஜெக்டர் என்று தேட வேண்டும். இதற்குக் காசு ஆகாது. இதைச் செய்யாமல் நேரே "காயில் போயிடுச்சு" என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

கம்பெனிக்கே போக வேண்டிய வேலைகளும் இருக்கின்றன. ஏர்பேக் விளக்கு எரிந்தால் ஷெட்டில் தொடவிடாதீர்கள். சாவி தொலைந்து புதிதாகக் கோடிங் செய்வது, சாஃப்ட்வேர் அப்டேட், முன் கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிக்குக் கண்ணாடி மாற்றுவது எல்லாம் அங்கேதான். ரீகால் அறிவித்தால் வாரண்டி முடிந்திருந்தாலும் இலவசமாகச் செய்து தருவார்கள், விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் வேலைக்கும் கம்பெனியே வசதி: கேஷ்லெஸ், சர்வேயர் வருகை எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது, பேட்டரியைக் கழற்றிவிட்டு டோ செய்ய வேண்டும். ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பு (ஆட்-ஆன்) இல்லாத பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது.

ஆட்டோமேட்டிக் கியர், ஹைப்ரிட், எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஓட்டியது மேனுவல் பெட்ரோல் மட்டும்தான். எலக்ட்ரிக் வண்டியின் ஹை வோல்டேஜ் பகுதியில் அதற்கென்று பயிற்சி இல்லாதவர் கைவைப்பது உயிருக்கே ஆபத்து என்பதால், இப்போதைக்கு நான் வாங்கினாலும் கம்பெனிக்குத்தான் போவேன். மல்டிபிராண்ட் செயின் கடைகள், வீட்டுக்கே வந்து செய்யும் ஆப் சர்வீஸ் இரண்டையும் ஆயில் மாற்ற மட்டும் முயன்றிருக்கிறேன். குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள் வருவதால், போன தடவை கேட்ட சத்தத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை.

ஷெட்டின் தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். "நாளைக்கு சார்" என்றால் அது காலண்டரில் இருக்கும் நாளை இல்லை. தீபாவளி, பொங்கல், குலதெய்வக் கோயில் திருவிழா என்று மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டால் வண்டி நிற்க வேண்டியதுதான். செய்த வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் கிடையாது. டூப்ளிகேட் ஸ்பேர் பயமும் நியாயமானதே. அதற்கு நான் செய்வது, ஆயிலும் ஃபில்டரும் பிரேக் பேடும் நானே பில்லோடு வாங்கிக் கொடுத்துவிடுவது. சீல் உடைப்பதை நேரில் பார்ப்பேன். காலி ஆயில் கேனை ஓட்டை போட்டுத்தான் தூக்கிப் போடுவேன், இல்லாவிட்டால் அது நிரம்பி இன்னொருவர் வண்டிக்குப் போகும். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். இதற்கெல்லாம் நேரமோ மனமோ இல்லாதவர்களுக்கு கம்பெனிதான் நிம்மதி. அதில் தப்பே இல்லை.

விற்கும்போது கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரி இல்லை என்றால் விலை குறையும் என்பார்கள். கொஞ்சம் குறையலாம். ஆப் மூலம் விற்கப் போனால் ரெக்கார்டைக் கேட்பார்கள், ஓடோமீட்டர் உண்மையா என்று பார்க்க அது அவர்களுக்கு உதவும். அதற்காக ஸ்பேர் பில்களையும், எத்தனை கிலோமீட்டரில் என்ன செய்தேன் என்பதையும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். நேரில் விற்றால் அந்த ஃபைலை யாரும் பெரிதாகப் புரட்டுவதில்லை. வாங்க வருகிறவர், தன் ஊர் ஷெட் மெக்கானிக்கைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருகிறார்.