மெழுகா, கணினியா: பல் டெக்னீஷியன் பயிற்சியை எதில் தொடங்கலாம்?

பல்லின் மேல் பொருத்தும் உறையின் வடிவத்தை மெழுகில் கையாலும் செய்யலாம், கணினித் திரையிலும் வடிவமைக்கலாம். கணினியில் வேகம் அதிகம். தவறினால் உடனே திருத்தலாம். உறை செய்யும் பீங்கான் வகையான சிர்கோனியா, சூளையில் சுடும்போது சுமார் 20 சதவீதம் சுருங்கும். அதற்கேற்பப் பல் உறையைப் பெரிதாக்கிக் கடையும் கணக்கையும் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

மெழுகு பொறுமையைச் சோதிக்கும். சூடான கருவியின் நுனியில் சொட்டுச் சொட்டாக எடுத்து, கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு 5 முகடுகளையும், அதாவது மெல்லும் பரப்பின் மேடுகளையும், ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டும். சொட்டு ஆறிவிட்டால் முகடு ஒட்டாது, மறுபடி முதலிலிருந்து. ஆனால் மேல்பல்லின் முகடு எந்தப் பள்ளத்தில் வந்து உட்காருகிறது என்பது அப்போதுதான் கைக்குப் புரிகிறது. அந்தப் பழக்கம் இல்லாதவர், திரையில் வரும் வடிவம் பிசகியிருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்வார்.

அதனால் முதல் சில மாதங்கள் மெழுகோடு உட்காருங்கள் என்பேன். கணினியையும் ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம், இன்றைய ஆய்வகங்களில் அது தெரியாமல் முடியாது.