ஒரே கித்தானா, ஒரே கல்லாவா?

ஓவியர்கள் சேர்ந்து வேலை செய்வது என்றதும் பலருக்கும் ஒரே கித்தானில் இருவர் தூரிகை வைப்பதுதான் தோன்றும். இருக்கிற வழிகளிலேயே கடினமானது அதுதான் என்பது என் கட்சி.

1980களின் நடுவில் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலும், அவரைவிட மிக இளையவரான ஓவியர் பாஸ்கியாவும் அப்படி வரைந்தார்கள். யோசனை சுவிஸ் கலை வணிகர் புரூனோ பிஷோஃப்பெர்கருடையது. பெரும்பாலும் வார்ஹோல் முதலில் ஒரு நிறுவனத்தின் முத்திரையையோ பத்திரிகைத் தலைப்பையோ தீட்டிவைப்பார். பாஸ்கியா அதன்மேல் கிறுக்குவார், சொற்களை எழுதி அடிப்பார், பாதியை மறைத்து ஒரு முகத்தை ஏற்றுவார். அதுவரை திரை அச்சையே (ஸ்கிரீன் பிரின்ட்) நம்பியிருந்த வார்ஹோல் மறுபடியும் கையால் தீட்டத் தொடங்கினார். படங்களுக்கு அது நல்லதுதான். ஆனால் 1985 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியை விமர்சகர்கள் கிழித்தார்கள். பாஸ்கியாவை வார்ஹோலின் கைப்பாவையாகவே பார்த்தார்கள். கூட்டு அத்தோடு கலைந்தது. மூத்தவர், இளையவர் என்று இருவர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எந்த ஊரிலும் வரும்.

இரண்டாவது வழி, கட்டடங்களைத் துணியால் போர்த்தும் கலைஞர்களான கிறிஸ்டோவும் அவர் மனைவி ழான்-க்ளோடும் செய்தது: வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். வரைவது கிறிஸ்டோ மட்டுமே. பணம், நிர்வாகம், பேரம் பெரிதும் ழான்-க்ளோடின் பொறுப்பு. புரவலர் காசு வேண்டாம் என்று, கிறிஸ்டோவின் வரைபடங்களை விற்றே செலவைச் சமாளித்தார்கள். 1971இல் முளைத்த எண்ணம், பெர்லினில் உள்ள ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தைத் துணியால் போர்த்தியதாக 1995இல்தான் நிறைவேறியது. அத்தனை ஆண்டு ஒரே திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்க இருவர் தேவைதான். ஒரு குறை: 1994 வரை எல்லாம் கிறிஸ்டோ பெயரிலேயே போயிற்று. அதன்பிறகே பழைய வெளிப்புறப் படைப்புகளுக்கும் இருவர் பெயரையும் சேர்த்தார்கள்.

மூன்றாவது வழி நம் சோழமண்டலம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய ஓவியர் கிராமம். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றியது) போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றார்கள். நிலம் வாங்கவும் அந்த வருமானமே கைகொடுத்தது. ஒருவர் கித்தானை மற்றவர் தொடவில்லை. செலவும் இடமும்தான் பொது. சேர்ந்து வரைந்த மகத்தான படம் என்று எதையும் காட்ட முடியாதுதான். கிராமம் இன்னும் இருக்கிறது.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வழியைத்தான். ஒரு வாடகை அறை, ஒரு அச்சு இயந்திரம், ஒரு கூட்டுக் கண்காட்சி போதும். ஒரு வருடம் கணக்கு வழக்கில் மனம் கோணாமல் இருந்தால் பிறகு கித்தானைப் பகிரலாம்.

எந்த வழியானாலும் எழுத்தில் வையுங்கள். ஜோடியாக இயங்கிய நிகழ்த்துகலைக் கலைஞர்கள் மரினா அப்ரமோவிச்சும் உலாயும் 1988இல் பிரிந்தார்கள். கூட்டுப் படைப்புகளின் வருமானம் குறித்து 1999இல் போட்ட ஒப்பந்தம் இருந்ததால்தான் உலாய் நீதிமன்றம் போக முடிந்தது; 2016இல் நெதர்லாந்து நீதிமன்றம் அவருக்கு இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் தரச் சொன்னது. யார் பெயர் முதலில், விற்ற பணத்தில் யாருக்கு எவ்வளவு, விற்காத படம் யார் வீட்டில் இருக்கும், ஒருவர் விலகினால் மற்றவர் அதே பாணியைத் தொடரலாமா: இந்த நான்குக்கும் ஒரு பக்கத் தாள் போதும்.