எண்ணூறு ரூபாய்க்கு இருபது நிமிடம்

சிறுவர் படப்புத்தகங்களுக்கு வரைய விரும்புவோரின் படைப்புகளைப் பார்த்துத் திருத்தம் சொல்வதற்காக, அத்துறையில் நீண்ட அனுபவம் உள்ள சென்னை ஓவியர் ஒருவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாலைகளில் ஜூம் வழியாக அமர்வு நடத்துகிறார். கடந்த எட்டு மாதங்களில் அதில் நான்கு முறை கலந்துகொண்டேன். காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீண்டு கிடப்பதால் தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். நடத்தும் முறையைத் தாராளமாக எழுதலாம் என்றும், வேறு ஊர்களில் வேறு ஓவியர்கள் இதைத் தொடங்கினால் தமக்குப் பாரம் குறையும் என்றும் சொன்னார். ஆகவே முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓவியம் கற்க இன்று வழிக்குப் பஞ்சமில்லை. க்ரிட்டா போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பாடங்களோ யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. வரைந்து முடித்ததைப் பார்த்து, இது அச்சுக்குத் தாங்குமா என்று சொல்லத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. ஒரு காலத்தில் அது பத்திரிகை அலுவலகத்திலேயே நடந்தது. ஆனந்த விகடனில் மூத்த ஓவியர் மாலியின் பார்வையில் வளர்ந்த ஓவியர்கள்தாம் கோபுலுவும் சில்பியும். சீனிவாசன் என்ற இளைஞருக்குக் கோயில்களை வரைவதில் இருந்த வல்லமையைக் கண்டு அவரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, சில்பி என்ற பெயரையும் சூட்டியவர் மாலி. அது சம்பளம் வாங்கிக்கொண்டே பெற்ற பாடம். வீட்டிலிருந்து வரைந்து அனுப்பும் இன்றைய ஓவியருக்குப் பதிப்பகத்திலிருந்து வருவது பெரும்பாலும் ‘தற்போது தேவைப்படவில்லை’ என்ற ஒற்றை வரிதான், அதுவும் வந்தால். 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய, சிறுவர் நூல் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்குமான எஸ்சிபிடபிள்யூஐ (SCBWI) போன்ற சங்கங்களின் மாநாடுகளில் தொழில்முறையாளர்களிடம் நம் படைப்புத் தொகுப்பைக் காட்டிக் கருத்துக் கேட்க வழி உண்டு. ஆனால் சந்தா டாலரில், மாநாட்டுக் கட்டணம் தனி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் 4,500 ரூபாய் கட்டிப் பத்துப் படங்களை அனுப்பினேன். முக்கால் பக்கம் பதில் வந்தது. அதில் ‘வண்ணங்கள் இனிமை’ என்பது மட்டும் இரண்டு முறை இருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்த ஓவியரிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசுவதற்கு 2,500 ரூபாய். குழு அமர்வு இரண்டு மணி நேரம். ஆறு பேர், ஆளுக்கு இருபது நிமிடம், கட்டணம் 800. ஆறில் ஓர் இடம் கட்டணமின்றி ஒதுக்கப்படுகிறது. அது யாருக்கு என்று அமர்வில் இருப்பவர்களுக்குத் தெரியாது, வருமானச் சான்று எதுவும் கேட்பதுமில்லை. ஐந்து பேர் கட்டும் 4,000 ரூபாயில் அவருக்கு மணிக்கு 2,000 கிடைக்கிறது. தனி அமர்வைவிட மணிக்கு ஐந்நூறுதான் குறைவு; நமக்கோ செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தர்மத்துக்கு நடத்தப்படுவன ஆறு மாதத்தில் நின்றுபோவதைப் பலமுறை பார்த்திருப்பதால், இந்தக் கணக்கு எனக்கு நம்பிக்கை தருகிறது.

முதல் அமர்வுக்கு, உழவர் சந்தையில் தொலைந்துபோகும் ஆட்டுக்குட்டி பற்றிய 32 பக்கக் கதையின் ஸ்டோரிபோர்டை, அதாவது பக்கவாரியான பட வரைவை, எடுத்துச் சென்றிருந்தேன். அவர் முதலில் செய்த காரியம், என் வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் திரையில் வைத்ததுதான். ஆட்டுக்குட்டியைக் காணவில்லை. பழுப்பு நிறக் குட்டியும் அதன் பின்னால் இருந்த சாக்கு மூட்டைகளும் ஒரே அளவு சாம்பலாகிக் கலந்துவிட்டிருந்தன. வண்ணத்தில் பிரிந்து தெரிந்தது ஒளி அளவில் பிரியவில்லை என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அடுத்து, நடுமடிப்பில் கம்பிப் பின் அடித்த பழைய படப்புத்தகம் ஒன்றைக் கேமராவுக்கு நேரே பிடித்து, 12, 13ஆம் பக்கங்களை விரித்தார். நடுமடிப்பு, படத்தில் இருந்த யானையின் கண்ணை விழுங்கியிருந்தது. நானும் அதே பக்கங்களில், அதே இடத்தில்தான் சிறுமியின் முகத்தை வைத்திருந்தேன். இப்படிப் பின் அடிக்கும் 32 பக்க நூலில் 16, 17 ஆகிய நடுப் பக்கங்கள் மட்டுமே ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகின்றன. மற்ற இரட்டைப் பக்கங்கள் வெவ்வேறு தாள்களிலிருந்து வந்து சேர்வதால் கோடு கோட்டோடு பொருந்தும் என்று நம்ப முடியாது. சந்தை முழுவதையும் காட்டும் அகலமான படத்தை அந்த நடுப் பக்கங்களுக்கு மாற்றும்படியும், சிறுமியை வலப் பக்கத்துக்குத் தள்ளும்படியும் சொன்னார். என் இருபது நிமிடம் அதோடு முடிந்தது.

மீதி நூறு நிமிடங்களும் பிறருடையவை என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன், நல்ல விதமாக. சக பங்கேற்பாளர் ஒருவரின் கதைச் சிறுவன் மூன்றாம் பக்கத்தில் தன் தலையைப்போல் நான்கரை மடங்கு உயரமும் ஒன்பதாம் பக்கத்தில் ஆறு மடங்கு உயரமும் இருப்பதை ஓவியர் திரையில் சிவப்புக் கோடுகள் போட்டுக் காட்டியபோது, அவன் ஆறு பக்கங்களில் ஐந்து வயது வளர்ந்துவிட்டது எல்லோருக்கும் புரிந்தது. அன்றிரவு என் சிறுமியை அளந்து பார்த்தேன்; அவளும் வளர்ந்திருந்தாள். தனி அமர்வாக இருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது. நம் படத்தைத் திருத்தும்போது மனம் தற்காப்பில் இறங்கிவிடுகிறது. அடுத்தவர் படத்தைத் திருத்தும்போது கண் மட்டும் வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. நேரத்தைக் கட்டுப்படுத்துவதில் அவர் கண்டிப்பானவர் அல்லர். மூன்றாம் அமர்வில் கடைசி ஆளாக அமைந்த எனக்குப் பதினொரு நிமிடமே கிடைத்தது, அதற்கு ஈடாக எதுவும் தரப்படவுமில்லை. வரிசையைக் குலுக்கிப் போடுவதாகச் சொல்கிறார்கள். கடிகாரம் ஒன்று வைத்தாலே போதும். 350 ரூபாய்க்கு உதவியாளர் ஒருவர் ஆறு நிமிடம் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் மலிவான திட்டமும் இருக்கிறது. அதையும் ஒருமுறை முயன்றேன். கவனமாகத்தான் பேசியிருந்தார், ஆனால் ‘ஏன்’ என்று திருப்பிக் கேட்க வழியில்லாத திருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த 350 ரூபாயைச் சேர்த்துவைத்துக் குழு அமர்வுக்கே போகலாம்.

எந்த நிலையில் போகிறோம் என்பதைப் பொறுத்தே கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைக்கிறது. இரண்டாம் அமர்வுக்கு, மூன்று வாரம் உழைத்து முடித்த எட்டுப் படங்களோடு போனேன். திரையில் பளபளத்த நீலம் அச்சு மைக்கு மாறும்போது மங்கும் என்றும், பார்வைக் கோணம் எல்லாப் படங்களிலும் ஒரே உயரத்தில் நிற்கிறது என்றும் சொன்னார். இரண்டும் சரிதான், ஆனால் கோணத்தை மாற்ற வேண்டுமானால் எட்டையும் புதிதாக வரைய வேண்டும். அதே சொல்லைப் பென்சில் கோட்டு நிலையில் கேட்டிருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும்.

படங்களைப் புதன்கிழமைக்குள் ஒரே பிடிஎஃப் ஆக, பன்னிரண்டு பக்கத்துக்கு மிகாமல் அனுப்ப வேண்டும்; கூடவே ஒரு கேள்வியும் எழுத வேண்டும். ‘எப்படி இருக்கிறது?’ என்று எழுதினால் படங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. பேச்சு பெரும்பாலும் தமிழில்தான். கணினி கட்டாயமில்லை, தாளில் வரைந்து கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவோரும் வருகிறார்கள், நிழல் விழாமல் பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். அமர்வின் பதிவு இரண்டு வாரம் வரை பார்க்கக் கிடைக்கும். நான் இதுவரை அதிகம் திரும்பப் பார்த்தது, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஆட்டுக்குட்டி காணாமல் போகும் அந்த நொடியைத்தான்.