எல்டிஓ-6 டிரைவுக்கு எந்த டேப்: ஐந்தா, ஆறா, பழசா?

சுங்கை சிப்புட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் பழைய எல்டிஓ-6 டிரைவ் ஒன்றை மலிவாகப் பிடித்துவிட்டார். எல்டிஓ என்பது கணினித் தகவலைக் காந்த நாடாவில் சேமித்து வைக்கும் முறை; பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. "அண்ணே, எல்லா டேப்பும் ஒரே சைஸ்தானே, எதைப் போட்டாலும் ஓடும்ல?" என்று கேட்டார். ஓடாது. எல்டிஓ-7 டேப்பும் வாயில் நுழையும். ஆனால் டிரைவ் அதை வெளியே தள்ளிவிடும். இந்த டிரைவ் எழுதுவது 5, 6 இரண்டிலும்தான். 4-ஐப் படிக்க மட்டும் செய்யும்.

ஆக, போட்டி ஐந்துக்கும் ஆறுக்கும். ஐந்தில் 1.5 டெராபைட், ஆறில் 2.5. ஆறின் பெட்டியில் 6.25 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது தகவலைச் சுருக்கி எழுதினால் வரும் கணக்கு. கேமராவிலிருந்து வரும் வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது. தாலி கட்டு, விருந்து, டிரோன் ஷாட் எல்லாம் சேர்த்து 2 டெராபைட் வந்தால் ஆறில் ஒரே டேப். ஐந்தில் இரண்டு டேப், நடுவில் மாற்ற ஒரு ஆளும் காத்திருக்க வேண்டும். ஐந்து பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் ஆறுதான்.

நாளைக்கு டிரைவ் மாற்றும்போதும் ஆறு கைகொடுக்கும். எல்டிஓ-7 டிரைவ் ஆறில் எழுதவும் செய்யும், ஐந்தைப் படிக்க மட்டும்தான் செய்யும். எல்டிஓ-8 வாங்கினாலோ இரண்டுமே போச்சு: அது 7, 8 தவிர வேறெதையும் தொடாது. இரண்டு தலைமுறை பின்னால் படிக்கும் பழைய வழக்கம் அதோடு நின்றுபோனது.

பிராண்டுக்காக ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உறையில் ஐபிஎம், எச்பி, குவான்டம் என்று எந்தப் பெயர் இருந்தாலும், இப்போது உள்ளே இருக்கும் நாடாவைச் செய்வது ஃபுஜிஃபிலிமும் சோனியும்தான். தலைமுறை எண் சரியாக இருந்தால் நாலு வெள்ளி குறைவானதை எடுங்கள்.

ஆன்லைனில் கட்டுக்கட்டாக வரும் பழைய டேப்பில்தான் என் சந்தேகமெல்லாம். எழுதும் தலைக்கு வழிகாட்டும் சர்வோ தடங்கள் தொழிற்சாலையிலேயே நாடாவில் பதியப்படுகின்றன. விற்றவர் தகவலை அழிக்கிறேன் என்று பெரிய காந்தத்தில் காட்டியிருந்தால் அந்தத் தடங்களும் போய்விடும். டேப் வெறும் பிளாஸ்டிக். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். இன்னொன்று, வோர்ம் வகை: ஒரு தரம் எழுதினால் பிறகு அழிக்கவே முடியாது. அதன் கூடு பெரும்பாலும் இரண்டு நிறத்தில் இருக்கும், படத்தை உற்றுப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் டேப் எல்லாத் தலைமுறைக்கும் ஒன்றே போதும். டிரைவ் விளக்குப் போட்டுக் கேட்டால் மட்டும் போடுங்கள்; அது தலையைத் தேய்க்கும் நாடா.

டேப் 30 வருஷம் தாங்கும் என்று சொல்வார்கள். அது 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால். பேராக் மழையில் சாதாரண அலமாரி அதற்கு ஆகாது. லென்ஸ் வைக்கும் டிரை கேபினட்டில் ஒரு தட்டைக் காலி பண்ணுங்கள்.