ஹேண்டில்பார் பையுடன் 6 ஆண்டுகள்

சைக்கிளின் ஹேண்டில்பாருக்கு முன்னால் உருளைப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு நான் முதன்முதலில் வெளியூர் புறப்பட்டது 2019 டிசம்பரில், பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு. அதன் பிறகு கொல்லிமலை, கோத்தகிரி, மேகமலை, ராமேசுவரம் என இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை நீண்ட பயணங்களை அதே சைக்கிளில் செய்திருக்கிறேன். சைக்கிள் மாறவில்லை, முன்பக்கச் சுமையைக் கட்டும் முறைதான் மூன்று வடிவங்களைக் கடந்து வந்திருக்கிறது. என்னுடையது கேரியர் பொருத்துவதற்கான துளைகள் இல்லாத இரும்பு பிரேம், ஸ்பிரிங் இல்லாத போர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை), 42 சென்டிமீட்டர் அகலமுள்ள வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் டயர் கொண்டது. இங்கே நான் சொல்பவை இந்த அமைப்பை வைத்துச் சொல்பவை.

முதல் பயணத்தில் 13 லிட்டர் கொள்ளும் நீர்புகாப் பையை இரண்டு நைலான் பட்டைகளால் ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டினேன். அதற்குள் தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்), கூடாரத் துணி, அடுப்பு, கருவிகள் எல்லாமாக 5.2 கிலோ இருந்தது. ஏறும்போது பெரிய சிக்கல் தெரியவில்லை. மறுநாள், 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தபோது பை ஹேண்டில்பாரைச் சுற்றிக் கீழே சுழன்று டயரில் உரசி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டையாகியிருந்தது. இரண்டு கட்டுகளும் ஒரே கம்பியில் இருந்தால் அந்தப் பை ஊஞ்சலில் தொங்குவதற்குச் சமம் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது முன்னும் பின்னும் ஆடும், ஆட ஆடப் பட்டை தளரும், தளர்ந்தபின் கீழே இறங்கும். மூன்றாவது கட்டு ஒன்று, ஹேண்டில்பாருக்குக் கீழே, பிரேமின் முன்முனையில் இருக்கும் ஹெட் டியூப் என்ற குழாயையோ போர்க்கின் மேல்முனையையோ சுற்றி வந்து பையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தாக வேண்டும். நான் எத்தனையோ பைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றாவது கட்டை அலட்சியமாக அமைத்த எந்தப் பையும், விலை எவ்வளவாக இருந்தாலும், மலைச்சாலையில் நிலையாக நின்றதில்லை.

அன்று ஆழியாறு வந்து சேர்ந்தபின் ஒரு சைக்கிள் கடைக்காரர் பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்து, பால் கேன் கட்டுவதைப் போலவே என் பையையும் கட்டித் தந்தார். வீடு வரை அது அசையவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு ட்யூப் கட்டுகளையே பயன்படுத்தினேன். ஈரத்தில் வழுக்காது, எந்த ஊரிலும் கிடைக்கும், செலவு கிடையாது என்ற மூன்று நன்மைகளும் உண்மையானவை. ஆனால் ரப்பர் நீளும் தன்மையுடையது என்பதால் கரடுமுரடான பாதையில் சுமை துள்ளுவதை அதனால் முழுவதும் தடுக்க முடிவதில்லை; சில மாத வெயிலில் வெடிப்புகளும் விழுந்துவிடுகின்றன. அவசரத்துக்கு உதவும் கட்டாக இன்றும் ஒரு துண்டைக் கருவிப்பையில் வைத்திருக்கிறேன்.

பை வாங்குமுன் அளவெடுக்க வேண்டியது லிட்டரை அல்ல, சைக்கிளை. நான் உயரம் குறைந்தவன், என் பிரேமும் சிறியது; ஹேண்டில்பாரின் அடிப்பகுதிக்கும் முன்டயரின் உச்சிக்கும் இடையே 21 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை அதில் பாதுகாப்பாக அமர்கிறது, 18 சென்டிமீட்டர் என்றால் பட்டை சற்றுத் தளர்ந்தாலும் ஆபத்துதான். முன்னால் ஸ்பிரிங் போர்க் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் அமுங்கும் போர்க் என்றால், நின்றநிலையில் தெரியும் இடைவெளியில் அந்த 10 சென்டிமீட்டரையும் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்; காற்றால் இயங்கும் போர்க்காக இருந்தால் காற்றை இறக்கி, முழுவதும் அமுக்கிப் பார்த்துவிடுவது நம்பகமான சோதனை. நீளத்திலும் ஒரு வரம்பு உண்டு. வளைந்த ஹேண்டில்பாரில் ஷிமானோ லீவர் பொருத்தியிருந்தால் கியர் மாற்றுவதற்கு பிரேக் லீவரையே உட்புறமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. உருளை நீளமாக இருந்தால் லீவர் அதில் முட்டி, கியர் பாதியில் நின்றுவிடும். என் சைக்கிளுக்கு 34 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட உருளை பயன்படாது. கூடாரக் கம்பிகள் அதைவிட நீளமானவை என்பதால் அவற்றைத் தனியே பிரேமின் கீழ்க்குழாயில் கட்டுகிறேன்.

பெரும்பாலானோர் கவனிக்கத் தவறுவது ஒயர்களை. பிரேக், கியர் ஒயர்களின் அவுட்டர்கள் (மேலுறைகள்), ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் இருபுறத்திலிருந்தும் முன்னால் வளைந்து வந்து பிரேமுக்குள் போகின்றன. உருளைப் பை உட்காரும் இடமும் அதுவே. பையை ஹேண்டில்பாரோடு ஒட்டக் கட்டினால் அவுட்டர் ஹெட் டியூபோடு அழுந்தி மடிகிறது, உள்ளே ஒயர் உராய்கிறது, கியர் தயங்குகிறது, பிரேக் பிடித்தபின் லீவர் முழுவதும் திரும்பி வருவதில்லை. என் இரண்டாவது பயணம் முழுவதும் பின்கியரைக் குறைசொல்லிக்கொண்டு, அதன் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே போனேன். ஊருக்குத் திரும்பிப் பையைக் கழற்றிய மறுநொடியே கியர் சீராக இயங்கியது. அதன்பின் செய்தவை இரண்டு. கோவையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் சொல்லி அவுட்டர்களை இரண்டு விரற்கடை நீளமாக வெட்டிப் போட்டுக்கொண்டேன். தேய்ந்த ஹவாய்ச் செருப்பின் அடிப்பகுதியை வெட்டி, மூன்று துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு கட்டைகளாக்கி, ஹேண்டில்பாருக்கும் பைக்கும் இடையே ஸ்டெம்மின் இருபுறமும் வைத்தேன். அந்த இடைவெளியில் ஒயர்கள் தாராளமாக வளைகின்றன. கம்பியைப் பிடிக்க விரல்களுக்கும் இடம் கிடைக்கிறது. பையைக் கட்டி முடித்ததும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, எந்த ஒயரும் இழுபடவில்லை என்று உறுதிசெய்யாமல் நான் கிளம்புவதில்லை.

எடையைப் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது: முன்னால் 3 கிலோவுக்கு மேல் வைப்பதில்லை. ஹேண்டில்பாரில் கட்டிய சுமை, சக்கரம் திரும்பும் அச்சுக்கு முன்னால், அதுவும் உயரத்தில் நிற்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகளில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, 5 கிலோ சுமையுடன் முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்ப்பதை ஒவ்வொரு வளைவிலும் கையால் தடுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மாலையில் கால்களைவிடத் தோள்கள்தான் வலித்தன. சுமை அச்சிலிருந்து தள்ளிப் போகப் போகத் திருப்புவதும் திருப்பியதை நிறுத்துவதும் கடினமாகும். ஆகவே உருளையின் இரு ஓரங்களில் கனமான பொருள் எதுவும் இருக்கக் கூடாது. இப்போது முன்பையில் தூக்கப்பை, கூடாரத் துணி, ஒரு மாற்றுடை மட்டுமே, மொத்தம் 2.6 கிலோ. கருவிகளும் அடுப்பும் தண்ணீரும் பிரேமின் நடுவே முக்கோணப் பைக்குப் போய்விட்டன.

இரண்டாவதாக நான் வாங்கியது பையும் கட்டும் ஒன்றாகவே தைக்கப்பட்ட ஒரு வகை. தைப்பில் குறை இல்லை, மழையில் உள்ளே ஒரு சொட்டு நீரும் இறங்கவில்லை. ஆயினும் இரவு தங்குமிடத்தில் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டையும் அவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு படிந்த பையை வெளியிலேயே வைத்துப் பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். காலையில் அவசரமாகக் கட்டுவது முந்தைய நாள் கட்டியதைப் போல் அமையாது, பத்துக் கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி இறுக்க நேரும். இரண்டு ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட பின், ஹேண்டில்பாரிலேயே நிற்கும் தாங்கியும் அதில் வைத்துக் கட்டும் பையும் தனித்தனியாக இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு வந்தேன்.

வெளிநாட்டுத் தாங்கிகள் சுங்க வரியோடு சேர்ந்து எனக்குக் கட்டுப்படியாகவில்லை. லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒருவரிடம் போய், உள்ளே வளையும் பிளாஸ்டிக் தகடு வைத்து, 25 மில்லிமீட்டர் பட்டைகளோடு ஒரு தாங்கியைத் தைக்கச் சொன்னேன். அவர் பருத்தி நூலை விடுத்து நைலான் நூலால், பட்டை சேரும் இடங்களில் பெருக்கல் குறி வடிவில் இரட்டைத் தையல் போட்டுத் தந்தார். 2022 முதல் அது சைக்கிளிலேயே நிரந்தரமாக இருக்கிறது. அதன் ஒரு தையலும் பிரியவில்லை. இரு முனைகளிலும் சுருட்டி மூடும் நீர்புகாப் பையை அதில் வைத்துக் கட்டுகிறேன். இரு பக்கமும் திறப்பதால் கட்டை அவிழ்க்காமலே மாற்றுடையை எடுக்க முடிகிறது. முனையை மூன்று முறைக்குக் குறையாமல் சுருட்டினால்தான் நீர் நுழையாது. ஒரு மடிப்புக் குறைந்ததால் ஐப்பசி மழையில் தூக்கப்பையின் ஓரம் நனைந்து ஓரிரவு குளிரில் கழிந்தது.

பையைத் தாங்கியோடு இறுக்க வோலே பட்டைகளைப் பயன்படுத்துகிறேன். பனிச்சறுக்குப் பலகைகளைச் சேர்த்துக் கட்டுவதற்காக அமெரிக்காவில் உருவான இவை, துளைகளும் கொக்கியும் கொண்ட யூரித்தேன் பட்டைகள். நைலான் பட்டையைப் போல் ஈரத்தில் நழுவுவதில்லை, ட்யூபைப் போல் அதிகம் நீள்வதும் இல்லை. இந்தப் பயணங்களுக்காக நான் செய்த செலவுகளில் மனநிறைவு தந்தது இதுதான்.

முன்பை வந்ததும் ஹேண்டில்பாரில் இருந்த விளக்கின் ஒளி பாதி மறைந்தது. அதைப் போர்க்கின் மேல்முனைத் துளைக்கு இறக்கியபின் மூடுபனியிலும் சாலை முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது. ஸ்டெம்மின் பக்கத்தில் தொங்கும் திறந்தவாய்ச் சிறுபையில் வாழைப்பழம் வைப்பதை, ஆழியாற்றுக்கு அருகே உள்ள குரங்கு அருவிப் பக்கம் போகிறவர்கள் தவிர்க்க வேண்டும். நான் நின்று தண்ணீர் குடித்த நேரத்தில் குரங்கு பழத்தை எடுத்ததோடு சிறுபையின் கயிற்றையும் அறுத்துப் போனது.

மூன்றாவது கட்டு உரசிய இடத்தில் ஹெட் டியூபின் வர்ணம் ராமேசுவரம் பயணத்தின்போது உரிந்து, கடற்காற்றில் ஒரு வாரத்துக்குள் துரு எட்டிப் பார்த்தது. துருவைத் தேய்த்து வர்ணம் பூசி, மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டி, அதன்மீது ட்யூப் துண்டு ஒன்றையும் சுற்றியிருக்கிறேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அந்த ட்யூபைக் கழற்றி, உள்ளே புகுந்த மணலைத் துடைத்துவிட்டு மீண்டும் சுற்றுகிறேன். மணல் தங்கிவிட்டால் படலமே தேய்ந்துபோகிறது. சென்ற மாதம் மேகமலையிலிருந்து வந்து பார்த்தபோது படலத்தில் ஒரு கீறல் இருந்தது, வர்ணம் அப்படியே இருந்தது.