விளம்பர வீடியோ எடுக்கக் கூப்பிடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கோவில்பட்டியில் சிறிய கடலைமிட்டாய்ப் பட்டறை நடத்துகிறேன். 2020இல் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் விசாரிப்பது கூடியது. வேலை நடக்கும் விதத்தை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து அவர்களுக்கு அனுப்பலாம் என்று ஒருவரை ஏற்பாடு செய்தேன். பேசிய தொகை 35,000 ரூபாய். முன்பணமாக 25,000 வாங்கிக்கொண்டார். பட்டறையை முன்கூட்டி வந்து பார்க்கவே இல்லை. முதல் கோளாறு அங்கேதான்.

காலை 7 மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் 11 மணிக்கு வந்தார்கள். பாகு யாருக்காகவும் காத்திருக்காது. தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டினால் சத்தம் கொடுக்கும் பதம் வந்ததும் வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் போட்டு, சூடு ஆறுவதற்குள் உருட்டி வெட்டிவிட வேண்டும். கேமராக்காரரோ விளக்கைத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். “இன்னொரு முறை ஊற்றுங்கள் அண்ணாச்சி” என்றார். பலகையில் இறுகியதை எப்படித் திரும்ப ஊற்றுவது? இப்படியே மூன்று சட்டி பாழானது. எங்களிடம் இருபது வருடமாகப் பதம் பார்க்கும் அக்கா, பாறையாகிப்போன மிட்டாயை ஒரு வார்த்தை பேசாமல் சுரண்டி எடுத்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றைய ஆர்டரும் போகவில்லை. ஆறு பேருக்கு முழுக்கூலி கொடுத்தேன்.

இரண்டு வாரம் என்றது இரண்டு மாதமானது. வந்த வீடியோவில் மிட்டாய் வெட்டும் கை எங்கள் பட்டறைக் கையே இல்லை. நாங்கள் வெட்டுவது மரப்பலகையில்; அதில் இருந்தது எவர்சில்வர் மேசை! எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு. யூடியூபில் ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து ஒலி முடங்கிவிட்டது. மாற்றித் தரக் கேட்டால் இன்னும் 8,000 ரூபாயாம். எடுத்த காட்சிகளையாவது கொடுங்கள் என்றேன். “வீடியோ எங்களுக்குச் சொந்தம்” என்றார்கள்.

அது பொய். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அந்தப் படத்தின் முதல் உரிமையாளர்.

தொழில் நடத்துகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். படமெடுப்பவர் ஒருநாள் முன்னதாக வந்து உங்கள் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நின்று பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் வேலையை நிறுத்த முடியாது என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். படப்பிடிப்புக்கென்று தனியாகச் சரக்கு ஒதுக்குங்கள். ஆர்டர் சரக்கில் கைவைக்க விடாதீர்கள். இசைக்கு உரிமம் யார் பொறுப்பு, எத்தனை திருத்தம், மூலக் காட்சிகள் எப்போது கைக்கு வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பகுதிப் பணம் வேலை முடிந்த பிறகே போகட்டும்.

இப்போது என் அழைப்பை அவர் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப்பில் பேசியதும் பத்திரமாக இருக்கின்றன.